தூரம் குறைவு, பாடு அதிகம்

மாரத்தான் ஓடியவர் என்றால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. 42 கிலோ மீட்டரும் 195 மீட்டரும் ஓடி முடிப்பது சாமானியமான காரியமல்ல என்பது உண்மைதான். ஆனால் ஒருவர், "நான் நாலு கிலோ மீட்டர் பந்தயம் ஓடினேன்" என்று சொன்னால், "அவ்வளவுதானா? மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு விலை விசாரிக்கவே அவ்வளவு தூரம் நடக்கிறோமே!" என்று சிரித்து விடுகிறோம். அந்த நாலு கிலோ மீட்டர் எந்தத் தரையில் ஓடப்பட்டது, எந்த வெயிலில் ஓடப்பட்டது, எத்தனை மேடு பள்ளம் இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

சாலையையும் ஓடுதளத்தையும் விட்டு விலகி, மண், மணல், புல், சேறு என்று கிடைத்த தரையில் ஓடும் பந்தயத்தை 'கிராஸ் கன்ட்ரி' என்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் காடு மேடு ஓட்டம். இதில் தூரம் குறைந்தால் கஷ்டமும் குறையும் என்று நினைப்பது பெரிய தவறு. பல சமயம் நேர் எதிராகத்தான் நடக்கிறது.

விளையாட்டு ரசிகர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல இது. கூலி வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் கொச்சிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பையன் பட்டாளத்திலோ போலீஸிலோ சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை பரவலாக உண்டு. அந்த ஆசைக்கும் உத்தியோகத்துக்கும் நடுவே நிற்பது ஒன்றரை கிலோ மீட்டர் ஓட்டம். ராணுவ ஆள் சேர்ப்பில் 1.6 கிலோ மீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கு உரிய முழு 60 மதிப்பெண் கிடைக்கிறது. கேரளப் போலீஸ் தேர்வில் உடல் திறனுக்கு எட்டு இனங்கள் வைத்து, ஐந்தில் தேற வேண்டும் என்கிறார்கள். அவற்றில் ஒன்று, 1500 மீட்டரை 5 நிமிஷம் 44 விநாடியில் ஓடுவது. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம்.

காகிதத்தில் பார்த்தால் இவை சின்னத் தூரங்கள். ஆனால் தேர்வு நடக்கும் எல்லா இடத்திலும் வழவழப்பான ஓடுதளம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மண் மைதானம் கிடைக்கலாம். மழையில் ஊறிய புல் தரையும் கிடைக்கலாம். தார் ரோட்டில் பழகிவிட்டு அங்கே போய் நிற்கும் பையன் திகைத்துப் போவதில் ஆச்சரியமில்லை.

மூச்சு வாங்க இடமில்லை

நீண்ட ஓட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. களைத்தால் சிறிது வேகத்தைக் குறைத்துக் கொள்ளலாம்; இரண்டு கிலோ மீட்டர் தள்ளி இழந்ததைப் பிடித்து விடலாம். நாலு கிலோ மீட்டர் பந்தயத்தில் அந்தச் சலுகை கிடையாது. நுரையீரலும் இருதயமும் எவ்வளவு பிராணவாயுவைத் தசைகளுக்குக் கொண்டு சேர்க்க முடியுமோ, ஏறத்தாழ அந்த உச்சத்திலேயே தொடக்கம் முதல் கடைசி வரை ஓட வேண்டும். அதற்கு மேலும் ஒரு படி போனால் உடல் 'கடன்' வாங்கத் தொடங்குகிறது. தசைகளில் அமிலத்தன்மை ஏறுகிறது, தொடை கனக்கிறது, கால் சொன்னபடி கேட்பதில்லை.

ஓடுதளத்தில் இந்தக் கடனை ஒழுங்காகக் கணக்கிட்டுச் செலவழிக்கலாம். ஒவ்வொரு சுற்றும் 400 மீட்டர், தரை மாறாது, அடி வைக்கும் தாளம் தவறாது. காடு மேடு ஓட்டத்தில் முதலில் கெடுவது அந்தத் தாளம்தான். பத்து அடி மணல், அடுத்து ஒரு மேடு, உடனே ஒரு திருப்பம், அப்புறம் வழுக்கும் புல். ஒவ்வொரு மாற்றத்திலும் வேகம் குறைந்து மறுபடி கூட வேண்டியிருக்கிறது. நகரத்துக்குள் நின்று நின்று போகும் பஸ் அதிகமாக டீசல் குடிப்பது போலத்தான் இதுவும்.

உலக கிராஸ் கன்ட்ரி போட்டிகளில் 1998 முதல் 2006 வரை 4 கிலோ மீட்டர் குறும் பந்தயம் தனியாக நடத்தப்பட்டது. எத்தியோப்பியாவின் கெனனிசா பெக்கலே 2002 முதல் 2006 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, குறும் பந்தயத்தையும் 12 கிலோ மீட்டர் நெடும் பந்தயத்தையும் ஒரே போட்டியில் வென்று காட்டினார். வேகமும் தாக்குப் பிடிக்கும் சக்தியும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்தச் சாதனையின் அருமை தெரியும்.

மணல் பிடுங்கும் வரி

கடற்கரை மணலில் நடந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காலை ஊன்றி உந்தினால் உடல் முன்னே போவதற்குள் மணல் பின்னே போகிறது. நாம் செலவழித்த சக்தியில் ஒரு பங்கை மணல் விழுங்கி விடுகிறது. பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்து 1998-ல் வெளியிட்டார்கள். கெட்டியான தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட 1.6 மடங்கு சக்தி வேண்டும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. நடப்பதற்கோ இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது மணலில் ஒரு கிலோ மீட்டர் ஓடியவன், தரையில் ஒரு கிலோ மீட்டர் 600 மீட்டர் ஓடியவனுக்குச் சமமாக உழைத்திருக்கிறான்.

மணலின் இந்தக் குணத்தையே தமக்குச் சாதகமாகத் திருப்பிக் கொண்டவர்கள் கேரளத்தில் இருந்தார்கள். பய்யோளிக் கடற்கரையில் பி.டி. உஷாவை ஓட வைத்துப் பழக்கினார் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் உஷா வெண்கலத்தை இழந்ததையும், 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் நாலு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றதையும் கேரளத்தில் குழந்தைகூடச் சொல்லும். அந்தக் கால்களுக்கு உரம் ஏற்றியதில் பய்யோளி மணலுக்கும் பங்கு உண்டு.

சேறு வேறு வகையான எதிரி. அது காலை உள்ளே இழுக்கிறது. காலணியில் ஒட்டிக் கொண்டு ஒவ்வோர் அடிக்கும் எடையைக் கூட்டுகிறது. 2019-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் உலக கிராஸ் கன்ட்ரி போட்டி நடத்தியவர்கள், பாதையைக் கடுமையாக்க வேண்டும் என்றே ஒரு காரியம் செய்தார்கள். ஓர் அருங்காட்சியகத்தின் புல் வேய்ந்த சாய்வுக் கூரை மீதே வீரர்களை ஏறி ஓட வைத்தார்கள். போதாதென்று வழியில் சேறும், மணலும், தண்ணீரும் வைத்தார்கள். ஒரு சுற்று இரண்டு கிலோ மீட்டர்தான். உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் ஆண்கள் பந்தயத்தை வென்றார்.

தரை மாறினால் கடிகாரக் கணக்கும் மாறிவிடும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் தென் கன்னட மாவட்டத்தில் நடந்த கம்பளா எருமைப் பந்தயத்தில், நீர் நிறைந்த சேற்றுப் பாதையில் சீனிவாச கவுடா 142.5 மீட்டரை 13.62 விநாடியில் ஓடினார். உடனே அதை 100 மீட்டருக்கு வகுத்து, உசேன் போல்ட்டின் 9.58 விநாடியை மிஞ்சிவிட்டார் என்று நாடெங்கும் பேச்சு. தேர்வு ஓட்டத்துக்கு அழைப்பும் வந்தது. அவர் நிதானமாக மறுத்துவிட்டார். எருமைகள் இழுக்கும் வேகமும், சேற்றில் ஊன்றி ஓடும் பழக்கமும் ஒரு தனி வித்தை. ஓடுதளத்தில் தனி ஆளாக ஓடுவது வேறு வித்தை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

இறக்கம் என்னும் ஏமாற்று

ஏற்றம் கடினம் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறக்கம்தான் ஏமாற்றும். மிதமான சரிவில் இறங்குவது சமதளத்தில் ஓடுவதைவிடச் சக்தியைக் குறைவாகவே கேட்கிறது. சரிவு மிகவும் செங்குத்தாகிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. உடலை முன்னே தள்ளுவதற்குப் பதிலாக, ஒவ்வோர் அடியிலும் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிப் பலகையில் இறங்கும் தொழிலாளியைக் கேட்டால், ஏறுவதைவிட இறங்குவதில் முழங்கால் படும் பாட்டைச் சொல்லுவார். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கால் பிடித்துக் கொள்வதும் இதனால்தான்.

அலாஸ்காவில் சீவர்ட் என்ற சிற்றூரில் 1915 முதல் 'மவுண்ட் மாரத்தான்' என்று ஒரு பந்தயம் நடக்கிறது. பெயரில் மாரத்தான் இருந்தாலும் மொத்தத் தூரம் ஏறத்தாழ ஐந்து கிலோ மீட்டர்தான். ஊரிலிருந்து 3022 அடி உயரத்துக்கு மலை ஏறி, அதே மலையில் இறங்கி ஊருக்குத் திரும்ப வேண்டும். ஓடுதளத்தில் 5000 மீட்டரை 13 நிமிஷத்துக்குள் முடிக்கும் வீரர்கள் உலகில் பலர். இங்கே முதலாவதாக வருபவருக்கே நாற்பது நிமிஷம் அளவில் பிடிக்கிறது. ஏறும்போது கையையும் ஊன்ற வேண்டும். இறங்கும்போது பாறைச் சரளையில் சறுக்கிக்கொண்டே ஓட வேண்டும். ரத்தக் காயத்தோடு எல்லைக் கோட்டைத் தொடுவது அங்கே சாதாரணம். 2012-ல் பந்தயத்தில் மலையேறிய ஒருவர் திரும்பவே இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஐந்து கிலோ மீட்டர்தானே என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

புழுக்கம் என்னும் பகைவன்

கொச்சியில் மலை கிடையாது. ஆனால் மலைக்குச் சமமான ஒன்று காற்றிலேயே இருக்கிறது. அதுதான் புழுக்கம். ஓடும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகிறது; மீதி உஷ்ணமாகிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்ற உடலுக்கு முக்கியமான வழி வியர்வை. வியர்வை வழிந்து சொட்டினால் மட்டும் போதாது, ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாவதில்லை. சட்டை நனைகிறது, உடல் குளிர்வதில்லை. அதனால்தான் மதுரை வெயிலில் பழகியவர்கூடக் கொச்சியில் சிறிது தூரம் ஓடியதும், 'என்ன இது, இப்படித் தள்ளுகிறதே' என்கிறார்.

1924 ஜூலை 12-ம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த கிராஸ் கன்ட்ரி பந்தயம் வெயிலின் கொடுமைக்கு அழியாத சாட்சி. தூரம் சுமார் 10.65 கிலோ மீட்டர். வெயில் சுமார் 40 டிகிரி சென்டிகிரேட். புறப்பட்டவர்கள் 38 பேர்; முடித்தவர்கள் 15 பேர். பலர் வழியிலேயே சுருண்டு விழுந்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி மட்டும் ஒன்றும் நடவாதது போல வந்து முதலிடம் பெற்றார். மறுநாள் மாரத்தான். வெயில் தாழ்ந்த மாலையில் தொடங்கிய அந்த ஓட்டத்தில் 58 பேர் புறப்பட்டு 30 பேர் முடித்தார்கள். நாலு மடங்கு நீளமான பந்தயத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கரையேறினார்கள். குறுகிய பந்தயத்தில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. அந்த ஆண்டோடு ஒலிம்பிக்கிலிருந்து கிராஸ் கன்ட்ரியே நீக்கப்பட்டது.

நம் கடலுக்கு அக்கரையிலும் ஓர் உதாரணம் உண்டு. கென்யாவின் மொம்பாசா, கொச்சியைப் போலவே பழைய துறைமுகம். அதே உப்புக் காற்று, அதே புழுக்கம். 2007 மார்ச்சில் அங்கே உலக கிராஸ் கன்ட்ரி போட்டி நடந்தது. ஐந்து ஆண்டுகளாகத் தோல்வியே காணாத பெக்கலே அங்கே பாதியில் நின்றுவிட்டார். எரித்ரியாவின் ஜெர்செனாய் தடேசே வென்றார். பெக்கலேயைத் தோற்கடித்ததில் கடற்கரைப் புழுக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்றே அன்று பேசப்பட்டது.

நம் நாட்டில் இது உயிர்களையே வாங்கியிருக்கிறது. ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கலால் காவலர் வேலைக்காக, 10 கிலோ மீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடும் தேர்வு நடந்தது. பத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். எல்லாரும் ஓர் உத்தியோகத்தை நம்பி ஓட வந்தவர்கள்.

ஆகவே ஓடுகிறவனுக்கும் உடன் போகிறவர்களுக்கும் சில அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும். தலை சுற்றல், குமட்டல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, கால் பின்னுவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்வது — இவற்றில் எது தோன்றினாலும் ஓட்டத்தை அப்போதே நிறுத்த வேண்டும். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, விசிறி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேலை அடுத்த ஆண்டும் வரும். போன உயிர் வராது.

முதல் நூறு மீட்டர்

குறும் பந்தயத்தில் பலர் தோற்பது கடைசியில் அல்ல, தொடக்கத்தில். கிராஸ் கன்ட்ரியில் அகலமான இடத்தில் வரிசையாக நிறுத்திப் புறப்பட வைக்கிறார்கள். சிறிது தூரத்தில் பாதை குறுகி விடுகிறது. முந்தியவன் வழியை அடைத்துக் கொள்கிறான். பிந்தியவன் கூட்டத்தில் சிக்குகிறான். எனவே எல்லோரும் வெறி பிடித்தாற்போல் பாய்கிறார்கள். அந்தப் பாய்ச்சலில் வாங்கிய கடனை மூன்றாவது கிலோ மீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

ஆள் சேர்ப்பு ஓட்டத்திலும் இதே கதைதான். 1.6 கிலோ மீட்டரை 5 நிமிஷம் 30 விநாடியில் முடிக்க, ஒவ்வொரு 400 மீட்டருக்கும் 82.5 விநாடி போதும். கூட்டத்தோடு கூட்டமாக முதல் 400 மீட்டரை 70 விநாடியில் ஓடியவனுக்குப் பன்னிரண்டு விநாடி லாபம் கிடைத்ததாகத் தோன்றும். மூன்றாவது சுற்றில் அவன் இருபது விநாடியை இழப்பான். கேரளப் போலீஸ் தேர்வின் 1500 மீட்டருக்கு, நூறு மீட்டருக்கு 23 விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் போதுமானது. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு, இந்த வேகம் உடம்புக்குப் படியும் வரை பழகுவது, கண்ணை மூடிக்கொண்டு தினமும் பத்து கிலோ மீட்டர் ஓடுவதைவிட மேல்.

எங்கே பழகுவது?

மட்டாஞ்சேரியில் இருப்பவர்களுக்கு வசதி இல்லாமல் போகவில்லை. போர்ட் கொச்சியில் பரேடு மைதானமும் வெளி மைதானமும் இருக்கின்றன. படகில் வைப்பினுக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் செறாயிக் கடற்கரை. முதல் இரண்டு வாரம் அலை நனைத்த கெட்டி மணலில் மட்டும் ஓடுவது நல்லது. உலர்ந்த மணலில் எடுத்த எடுப்பில் ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் புண்ணாகும். வாரத்துக்கு இரு நாள், ஐந்து நிமிஷத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஏற்றத்துக்குப் பாலங்கள் இருக்கின்றன. விடியற்காலையில், வண்டி நடமாட்டம் குறைந்த வேளையில், நடைபாதையில் ஏறி இறங்கிப் பழகலாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். புழுக்கத்துக்கு உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். வெளியூரில் தேர்வு என்றால் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு, அதுவும் காலில் வெட்டுக் காயத்தோடு ஓடக் கூடாது. கேரளத்தில் மழைக்காலம்தோறும் எலிக் காய்ச்சல் பரவுவது அந்த வழியில்தான். விலை உயர்ந்த காலணி வேண்டியதில்லை. காலுக்குப் பொருந்துவதாகவும், அடிப்பகுதி தேயாததாகவும், நாடா இறுக்கிக் கட்டக்கூடியதாகவும் இருந்தால் போதும்.

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து புறப்பட்ட இருவரை இங்கே நினைத்துக் கொள்ளலாம். எல். சூர்யா 2016-ல் கவுகாத்தி தெற்காசிய விளையாட்டில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ராணுவத்தில் பணியாற்றிய ஜி. லட்சுமணன் 2017-ல் புவனேசுவர ஆசியப் போட்டியில் அதே இரண்டு தங்கத்தையும் வென்றார். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுதளக் கோட்டுக்கு உள்ளே கால் வைத்துவிட்டார் என்று லட்சுமணனின் பதக்கம் மறுக்கப்பட்டது. வழவழப்பான தளத்தில் ஓர் அடி தவறினால் அப்படி. அடிக்கு அடி தரை மாறும் மண்ணில் எத்தனை விழிப்பு வேண்டும் என்று யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது, "பையன் ஓட வேண்டியது ஒன்றரை கிலோ மீட்டர்தானே" என்று சொன்னால், "எந்தத் தரையில்? எந்த வேளையில்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துகொண்டு பழகிய பையன்தான் தூரத்தைப் பார்த்து ஏமாற மாட்டான்.